காவலின் எல்லை

நம்மை நம்பி நம் கூரையின் கீழ் ஒரு சிறு ஜீவன் வந்து தங்கிவிட்டால், அதன் க்ஷேமத்துக்காக நாம் செய்யவேண்டியது எவ்வளவு, செய்யாமல் விடவேண்டியது எவ்வளவு என்னும் கேள்வி, குடும்பம் நடத்துகிற எவருக்கும் ஏதேனும் ஒரு கட்டத்தில் எழாமல் இராது. இதற்கு விடையைத் தத்துவ நூல்களில் தேடுவோர் தேடலாம்; சிவகங்கைச் சீமையின் கிராமத்து வீடுகளில், கொல்லைப்புறத்து மூலையில், பஞ்சாரத்துக்குள் அடைகிடக்கிற நாட்டுக்கோழியின் அருகிலும் தேடலாம். நான் அந்த மூலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். எனக்குக் கிடைத்த விடையும் அங்கிருந்து வந்தது.

நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு முடித்ததும், அதுவரை முற்றத்தையும் குப்பைமேட்டையும் கிளறித் திரிந்த அதன் சுபாவமே மாறிவிடுகிறது. இரையில் நாட்டம் குறைந்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கிட்டே வருபவர் யாராயினும் கேரிக்கொண்டே கொத்த வருகிறது. வயிற்றுப்புறத்து இறகுகள் உதிர்ந்து, வெறும் தோல் முட்டையின்மேல் படிகிறது. ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ் உள்ள அதன் உடற்சூடு அந்தத் தோலின் வழியே முட்டைக்குள் இறங்க, நாளில் பலமுறை அலகால் முட்டைகளைப் புரட்டி, ஓரத்தில் கிடப்பதை நடுவுக்கும் நடுவில் கிடப்பதை ஓரத்துக்கும் மாற்றி, 21 நாள் அது அங்கேயே கிடக்கிறது. நாளைக்கு ஒரு தடவை இறங்கி, அவசரமாக நாலு வாய் தீனி தின்று, தண்ணீர் குடித்து, எச்சமிட்டு, சாம்பல் மண்ணில் சற்றுப் புரண்டு, முட்டை ஆறுவதற்குள் திரும்பிவிடுகிறது. இதை அதற்குக் கற்பித்தவர் யாருமில்லை. போன ஆண்டு குஞ்சாக இருந்த இளம்பெட்டைகூடத் தன் முதல் அடையிலேயே பெரும்பாலும் இவ்வளவையும் வழுவாமல் செய்துவிடுகிறது.

இவ்வளவு தெரிந்த பிராணிக்கு மனிதன் செய்யவேண்டியது இடம் அமைத்துத் தருவது. அந்தக் காரியத்தில் எங்கள் அப்பத்தாவுக்கு இருந்த சிரத்தையைப் போல வேறொருவரிடம் நான் கண்டதில்லை. சேவலின் தொல்லையும், மற்றப் பெட்டைகள் வந்து அதே இடத்தில் முட்டையிட்டுக் குழப்பும் வாய்ப்பும் இல்லாத, வெளிச்சம் மட்டான, ஆனால் புழுக்கமில்லாத ஒரு மூலையைத் தேர்ந்துகொள்வாள். உடைந்த பானையின் அடிப்பாகத்தில் ஆற்றுமணலைப் பரப்பி, முட்டை உருளாதபடி நடுவில் சற்றே குழித்து, அதன்மேல் வைக்கோலைக் கசக்கிப் போட்டு, பேன் பற்றாதிருக்க வேப்பிலையும் நொச்சித்தழையும் அடியில் செருகுவாள். பத்து நாளுக்கு மேற்பட்ட முட்டையையும், ஓட்டில் கீறல் விட்டதையும் ஒதுக்கிவிடுவாள். பகலில் இடம் மாற்றினால் கோழி பழைய இடத்துக்கே ஓடும் என்பதால், நன்றாக இருட்டியபின் இரண்டு கையாலும் அணைத்து எடுத்துவந்து முட்டையின்மேல் அமர்த்திப் பஞ்சாரத்தைக் கவிழ்ப்பாள். ஒரு வாரம் சென்றபின் விளக்கொளிக்கு நேரே முட்டைகளைப் பிடித்துப் பார்த்து, சிவந்த நரம்போட்டம் தெரிபவற்றை வைத்துக்கொண்டு, உள்ளே வெறுமையாய்த் தெரிவதைக் கூமுட்டை என்று எடுத்துவிடுவாள்.

முட்டைகளுக்கு நடுவே ஓர் அடுப்புக்கரித் துண்டும், இரும்பாணியும், மிளகாய் வற்றலும் வைக்கிற வழக்கமும் உண்டு. இடியோசையில் கரு கலங்காதிருக்க என்று சொல்வார்கள். கரித்துண்டு இடியைத் தடுக்காது. ஆனாலும் அந்த மூலையில் ஒரு பிரசவம் நடக்கவிருக்கிறது என்பதை வீட்டாருக்கு நினைவூட்டி, குழந்தைகளை விலகி நடக்கவைத்த அடையாளம் அது என்பதால், அதைப் பரிகசிக்க எனக்கு மனம் வருவதில்லை.

கோழிக்கு வேண்டியது ஒரு மூலைதான் என்றாலும், குஞ்சுகளுக்கு வேண்டியது கோட்டை. மேலே பருந்தும் காக்கையும், தரைக்கடியில் தோண்டிக்கொண்டு வருகிற கீரியும் பெருச்சாளியும், இரவில் காட்டுப்பூனையும் மரநாயும், எங்கே விரல் நுழையும் இடைவெளி உண்டோ அங்கெல்லாம் சாரைப்பாம்பும் என்று அபாயம் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. ஒரு சத்துருவுக்குச் செய்த ஏற்பாடு மற்றொன்றுக்குப் பயன்படுவதில்லை. நாயைத் தடுக்கும் வேலிக்குள் பூனை நுழையும். பூனையைத் தடுக்கும் கம்பிக்குள் பாம்பு நுழையும். ஆகவே அரை அங்குலக் கண்ணியுள்ள கம்பிவலையும், தோண்ட இடம் தராத கற்பாவிய தரையும், ஒழுகாத கூரையும், காற்றுக்கும் காலுக்கும் அசையாத தாழ்ப்பாளும் சேர்ந்தால்தான் அது கூடு. குறுந்தொகையின் 139-ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார், மாலைப்பொழுதில் வேலியோரம் வெருகு என்னும் காட்டுப்பூனை வந்துவிட, புகுமிடம் தெரியாமல் கும்பலாய்க் கூடித் தவிக்கும் குஞ்சுகளை மனைக்கோழியின் குறுங்காற்பேடை கத்தி அழைக்கிற காட்சியை, ஊரார் வாய்ப்பேச்சுக்கு உவமையாக வைத்திருக்கிறார். உவமையை ஒரு கணம் விலக்கிவிட்டு அந்தப் பேடையை மட்டும் எண்ணிப் பார்க்கும்போது, தாயிடம் ஒரு குறையும் காணோம். அபாயத்தை அறிந்தது, அழைத்தது. அங்கே இல்லாமற்போனது குஞ்சுகளுக்குப் புகுமிடம். அதை அமைத்திருக்கவேண்டியவர்கள் அந்த மனைக்கு உரியவர்கள்.

இருபதாம் நாள் முட்டையைக் காதோரம் பிடித்தால் உள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்கும். கோழியும் அதற்குத் தணிந்த குரலில் பதில் சொல்லும். முட்டையின் அகன்ற பக்கத்திலுள்ள காற்றறைக்குள் அலகை நுழைத்து முதல் மூச்சு வாங்கிய குஞ்சு, மேலலகின் நுனியில் நொய்யரிசி அளவுக்கு முளைத்திருக்கிற வெண்ணிறப் பல்லால் ஓட்டை உரசி, ஒரு புள்ளியில் சிறிய விரிசலை உண்டாக்கிவிட்டு, பிறகு பல மணிநேரம் ஓய்ந்து கிடக்கிறது. பார்க்கிறவர் மனம் பதைத்துப்போகும். ஓட்டைக் கொஞ்சம் உரித்துவிட்டால் பாவம், அதன் சிரமம் தீருமே என்று விரல் தானாக நீளும். நானும் கையை நீட்டுவேன், ஒவ்வொரு தடவையும் அப்பத்தா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "அதுக்குத் தெரியும்யா. நீ வாசலப் பாத்துக்க" என்பாள்.

அந்த ஓய்வு ஓய்வன்று என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். ஓட்டை ஒட்டிய சவ்வில் ஓடும் இரத்தம் குஞ்சின் உடலுக்குத் திரும்புவதும், எஞ்சிய மஞ்சட்கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுவதும் அந்த மணிநேரங்களில் நடக்கின்றன. அவை முடியுமுன் இரக்கப்பட்டு உரித்தால், இரத்தம் கசிந்து குஞ்சு சாகும், அல்லது என்றும் தேறாத நோஞ்சானாக நிற்கும். உள்ளே போன மஞ்சட்கரு, வெளிவந்தபின் இரண்டு மூன்று நாள் வரை அதற்கு ஆகாரம். அதனால்தான் முந்திப் பொரித்த குஞ்சுகள் பசியால் வாடாமல் இறகுக்குள் கிடக்க, பிந்தியவற்றுக்காகக் கோழி இறங்காமல் காத்திருக்க முடிகிறது. இத்தனை நுட்பமாகக் காலம் வகுக்கப்பட்ட ஒரு காரியத்தில் நம் விரலுக்கு வேலை இல்லை.

காவலில் இரண்டு வகை உண்டென்று நான் கொண்டது இதிலிருந்துதான். வாசலில் நின்று காப்பது ஒன்று. உள்ளே புகுந்து காப்பது மற்றொன்று. வாசற்காவலில் பிரயாசை அதிகம். செய்தவன் பெயர் தெரியாது. ஓர் இரவு தவறினால் மட்டும் ஊருக்குத் தெரியும். உள்ளே புகுவதோ எளிது. அன்பு காட்டிவிட்டோம் என்ற திருப்தியையும் உடனே தந்துவிடுகிறது. பிள்ளை பெற்ற வீட்டில் குழந்தையை வாங்கி வாங்கிக் கொஞ்சுவோர் பலர். அடுப்பைக் கவனித்து, வெந்நீர் போட்டு, தாய் கொஞ்சநேரம் கண்ணயர்வதற்காக வாசற்படியில் உட்கார்ந்து வருவோரைப் பக்குவமாகத் திருப்பியனுப்புவோர் ஒருவரோ இருவரோதான். அவளைத் தாயாக இருக்கவிடுகிறவர்கள் அவர்களே என்பது என் துணிபு.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். விசாலமான முற்றத்தில் அது முழு உண்மை. தாயையும் பத்துக் குஞ்சுகளையும் திரும்ப இடமில்லாத கூண்டில் அடைத்துவிட்டு, நாய் குரைத்ததும் வெருண்டெழுந்த கோழியின் காலில் ஒரு குஞ்சு நசுங்கினால், அந்தக் குற்றம் கூண்டைச் செய்தவனுடையது. ஆழமான சட்டியில் தண்ணீர் வைத்தாலும் அப்படித்தான். தட்டையான தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, கல்லுக்கிடையில் நிற்கும் நீரைக் குஞ்சு அலகால் தொட்டுக் குடிக்கும்படி வைக்கவேண்டும். இரைக்கு நொய்யும் கம்பும் போதுமென்றாலும், சாயங்காலம் ஒரு பழம்பானைக்குள் நனைத்த சாணியும் கிழிந்த சாக்கும் வைக்கோலும் திணித்துக் கரையான் புற்றருகே கவிழ்த்துவைத்தால், விடிந்ததும் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். அதைத் தட்டிக்கொட்டியதும் தாய் கேரி அழைத்து, ஒன்றை அலகால் எடுத்துக் கீழே போட்டு, மறுபடி எடுத்துக் காட்டிக் குஞ்சுகளுக்குத் தின்னப் பழக்குகிற காட்சி கண்ணுக்கு விருந்து. பருந்தின் நிழல் விழுந்தால் அது எழுப்பும் நீண்ட குரல் வேறு. பூனையைக் கண்டால் விட்டுவிட்டுக் கத்துவது வேறு. முதற்குரலுக்குக் குஞ்சுகள் ஓடி ஒளியவேண்டும். ஒளிவதற்கு முற்றத்தில் ஒரு கருவேலமுள் குவியலாவது நாம் போட்டிருக்கவேண்டும்.

தாயால் காக்க முடியாத சத்துரு ஒன்றுண்டு. இமயமலைப் பக்கத்து ஊரான ராணிக்கேத்தின் பெயரால் வழங்குகிற வெள்ளைக்கழிச்சல், ஊருக்குள் புகுந்தால் சில நாளில் பஞ்சாரங்களை எல்லாம் காலியாக்கிவிடும். வந்தபின் மருந்தில்லை, குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ இடுகிற ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சின்மேல் நம் விரல் படவேண்டிய இடம் அது.

முட்டை வியாபாரத்துக்கு அடைக்கிடை நஷ்டம்; அடைகிடக்கும் கோழி முட்டையிடாது. அதற்காகக் கோழியைத் தண்ணீரில் முக்கியும் மூக்கில் இறகைச் செருகியும் அடையைக் கலைக்கிறார்கள். நாமக்கல் பண்ணைகளிலுள்ள வெள்ளைக்கோழிகளின் வம்சத்திலோ, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததில், அடை என்ற சுபாவமே அற்றுப்போயிற்று. அங்கே இயந்திரம் 37.5 டிகிரிச் சூட்டில் குஞ்சு பொரிக்கிறது. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரந்தோறும் படிப்படியாய்க் குறைவு என்று விளக்கை ஏற்றி இறக்கிக் கணக்காக வளர்க்கிறார்கள். ஒரு கோழி இறகை விரித்தும் மடக்கியும் செய்துவந்ததற்கு எத்தனை கருவிகள், எத்தனை கண்விழிப்புகள்! பெருந்தொகையான ஜனங்களுக்கு உணவு வேண்டுமென்றால் அதுவும் வேண்டியதுதான். தாய் இருக்கும் வீட்டில் அவ்வளவும் நமக்கு எதற்கு?

இரண்டு மாதம் ஆகுமுன்பே தாய் தன் குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கும். அதன் அடுத்த முட்டைக்கு நாளாகிவிட்டது. வரும் தை, மாசியில் அடைவைக்க எண்ணியிருப்போர், முட்டை சேர்ப்பதற்கு முன்னால் கூட்டைப் பழுதுபார்த்துவிடுங்கள். கால்நடை மருந்தகத்தில் தடுப்பு மருந்து போடும் நாளை விசாரித்து வையுங்கள். பொழுது சாயும் வேளையில் கூட்டுக் கதவைச் சாத்தித் தாழ்போடும் பொறுப்பை எல்லோருக்கும் பொதுவென்று விட்டுவிடாமல், வீட்டில் ஒருவர் பேரில் வையுங்கள்.