செய்யாமையும் ஒரு செயலே

தீங்கு என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது ஒரு கை: அடித்த கை, திருடிய கை, நஞ்சிட்ட கை. கையை இனங்கண்டுவிட்டால் குற்றவாளியைக் கண்டுவிட்டோம் என்று அமைதியடைகிறோம். ஆனால், எந்தக் கையும் அசையாமையினாலே விளைகின்ற தீங்குகளும் உலகில் உள. அவற்றுக்கு யார் பொறுப்பு? செய்யத் தகாததைச் செய்வதாலும் கேடு வரும், செய்யத் தக்கதைச் செய்யாது விடுவதாலும் கேடு வரும் என்று வள்ளுவர் இரண்டையும் ஒரே குறளில் வைத்தார். முதற் பாதியிலிருந்து சட்டங்கள் பல பிறந்துள்ளன. இரண்டாம் பாதி பெரும்பாலும் மனப்பாடத்தோடு நின்றுவிடுகிறது. இக்கேள்வியை வானத்திலே வைத்து ஆராய வேண்டியதில்லை. வைத்தியசாலையில் நோயாளியின் தலைமாட்டில் நிற்கின்ற செயற்கைச் சுவாசக் கருவியை முன்வைத்தே ஆராயலாம்.

படுவான்கரையில் வாழும் நமக்கு இக்கருவி எங்கோ தொலைவிலுள்ள புதுமைப் பொருளன்று. வெல்லாவெளியைச் சூழ்ந்த வயல்களில், வேளாண்மை காக்க வாடியிலே பாய் விரித்துத் தரையில் உறங்குபவனைக் கட்டுவிரியன் தீண்டுவதுண்டு. கடித்த இடம் பெரும்பாலும் வலிப்பதில்லை, வீங்குவதுமில்லை. சில மணி நேரத்தில் இமைகள் சோர்ந்து விழும். பின்னர் மூச்சை இயக்கும் தசைகள் செயலிழக்கும். விஷம் நரம்பு முனைகளைத் தாக்கிய பின்னர் விஷமுறிவு மருந்து மட்டும் போதாது. எனினும் சில நாட்கள் அவனுக்காக வேறொன்று மூச்சுவிட்டால், நரம்புகள் மெல்ல மீளும். அவன் தன் கால்களால் நடந்தே வீடு திரும்பக்கூடும். பட்டிருப்புப் பாலங் கடந்து களுவாஞ்சிக்குடிக்கும், அதற்கப்பால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கும் அத்தகையோரைக் கொண்டோடும் உறவினர் ஒரு நம்பிக்கையையே சுமந்து ஓடுகின்றனர். அங்கே கருவி இருக்கும், அது வேலை செய்யும் என்பதே அந்நம்பிக்கை. கருவி இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு என்பதை அவர்கள் அறியார்.

இக்கருவியின் வரலாற்றிலே நாம் மறக்கலாகாத பக்கம் ஒன்றுண்டு. 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளை நோயாய்ப் பரவியது. மூச்சுத் தசைகள் முடங்கியோர் பிளெக்டாம் வைத்தியசாலையில் குவிந்தனர். அங்கிருந்த கருவிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கன. முதல் மூன்று வாரங்களில் அவற்றால் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மூன்று நாட்களுக்குள் மாண்டனர். பியோன் இப்சன் என்னும் மருத்துவர், ஆகஸ்ட் மாத இறுதியில், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்திலே துளையிடுவித்து, அதிற் செருகப்பட்ட குழாய் வழியே, றப்பர்ப் பையொன்றைக் கையால் அழுத்தி அவளுக்கு மூச்சூட்டினார். அவள் பிழைத்தாள். ஆனால் இரவும் பகலும் பையை அழுத்துவது யார்? ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து நோயாளிகளின் அருகே அமர்ந்தனர். மாதக்கணக்கில் அந்தக் கைகளே பலருக்குச் சுவாசப்பைகளாயின. இறப்பு வீதம் பெருமளவு குறைந்தது.

பின்னர் அந்தக் கைகளின் வேலையை இயந்திரம் ஏற்றது. அத்துடன் மாணவர்களின் கடமை முடிந்துவிட்டதா? கை ஓய்ந்தது, கடமை ஓயவில்லை. களைத்த மாணவன் அடுத்தவனைக் கூப்பிட்டான். இயந்திரம் களைப்பதைச் சொல்லாது. அதன் ஒரே நா அபாய ஒலிதான். அந்த ஒலியை எழுப்புகின்ற உணரிகள் பிழைபட்டால், அது ஊமையாகவும் நிற்கும், பொய்யும் சொல்லும். ஆகவே, அந்த மாணவர்கள் விட்ட இடத்திலிருந்து முறையை ஏற்றுக்கொண்டவர் யாரெனில், அந்த இயந்திரத்தைப் பேணுபவரே.

பேணல் என்பது தூசி துடைத்தலன்று. ஒட்சிசன் அளவைக் கூறும் உணரி பல கருவிகளில் ஒரு வகை மின்கலமேயாகும். கருவி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது தேயும்; உரிய காலத்தில் மாற்றப்பட வேண்டும். மின்சாரம் தடைப்பட்டாற் கைகொடுக்க வேண்டிய மின்கலமும் அவ்வாறே. காற்றோட்டம் அளக்கும் உணரி மீண்டும் மீண்டும் சரிபார்க்கப்பட வேண்டும். வடிகட்டிகள் அடைபடும், மூச்சு வெளியேறும் வால்விலே ஈரம் தங்கும், குழாய் இணைப்புகளிற் கசிவு தோன்றும். ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னர்க் கசிவும் அபாய ஒலியும் சோதிக்கப்படல் வேண்டும். களஞ்சியத்தில் உறைபிரியாது பூட்டி வைத்த கருவியும் மூப்படைகிறது என்பதே இதன் பொருள். திறப்பு விழாவில் நாடா வெட்டுகிற நாள் அதன் முதல் நாள் மட்டுமே.

இனி, பொறுப்பு எவ்வாறு காற்றிலே கரைகிறது என்பதற்கு ஓர் உதாரணம். கொவிட் பெருந்தொற்று இந்தியாவை உலுக்கிய 2021 மே மாதத்தில், மகாராஷ்டிரத்து ஔரங்காபாத் அரசு மருத்துவக் கல்லூரிக்கு வந்த 150 சுவாசக் கருவிகளைப் பற்றிய வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அந்நகர அமர்வின் முன் வந்தது. பல வைத்தியசாலைகளுக்கும் பகிரப்பட்ட 113 கருவிகள் பழுதுடையவை என்றும், எஞ்சிய 37 பெட்டி பிரிக்கப்படவில்லை என்றும் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. கருவியே கோளாறென்றனர் பயன்படுத்தியோர். பயன்படுத்தியோருக்குத் தக்க பயிற்சியில்லை என்றது மத்திய அரசின் தரப்பு. இவ்வாறு குற்றம் கைமாறுவதை நீதிமன்றம் கண்டித்தது. வழக்கின் இரு தரப்பும் பேசின. கட்டிலில் கிடந்தவன் மூச்சுக்காகக் காத்திருந்தான்.

இது ஒரு நாட்டின் குறை மாத்திரமன்று. 2011இல் வெளியான ஆய்வொன்று வளங் குறைந்த 16 நாடுகளில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மருத்துவக் கருவிகளின் பதிவுகளை நோக்கியது. அவற்றில் ஏறத்தாழ 38 சதவீதம் இயங்காது கிடந்தன. பயிற்சிக் குறைவு, நிருவாகக் குறைவு, மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளின் குறைவு ஆகியனவே காரணங்களாகக் காணப்பட்டன.

“எல்லோரும் பொறுப்பென்றால் ஒருவரும் பொறுப்பில்லை என்றாகும்” எனச் சிலர் வாதிப்பர். இவ்வாதத்திலே ஒரு மயக்கம் உண்டு. சோற்றைப் பங்கிட்டால் ஒவ்வொருவர் பங்கும் குறையும். பொறுப்பு அவ்வாறு குறைவதில்லை. சங்கிலியின் ஒரு கண்ணியைப் பிடித்திருப்பவர் அக்கண்ணிக்கு முழுப் பொறுப்பாளர். விற்றவர், வாங்கியவர், பொருத்தியவர், இயக்கியவர், பேணக் கடமைப்பட்டவர் என ஐவர் இருந்தால், ஐந்து முழுப் பொறுப்புகள் உள.

“ஏழை நாட்டிலே பணம் எங்கே?” என்பது அடுத்த வாதம். இதை நாம் எள்ளி நகையாடோம். 2022 ஏப்ரலில் இலங்கை கடன் கட்ட இயலாதென அறிவித்தது. அம்மாதத்திலே, பச்சிளங் குழந்தைகளின் மூச்சுக் குழாய்களுக்கும் தட்டுப்பாடு நேர்ந்து, பயன்படுத்தியவற்றை எறியாமற் சுத்தஞ் செய்து மீளப் பயன்படுத்தும் நிலை எழுந்ததை நாம் அறிவோம். பணமின்மை பொய்யன்று. ஆனால், கருவி வாங்கிய அன்று பணம் இருந்தது. பேணுவதற்கு வேண்டியதை அன்றே அதே கணக்கில் எழுதாமல் விட்டது வறுமையாலன்று. அன்றியும், கருவியைத் திறந்து திருத்தும் முறையையே பல உற்பத்தியாளர்கள் பூட்டி வைக்கின்றனர். 2020 மே மாதத்தில் அமெரிக்காவின் ஐஃபிக்ஸிட் நிறுவனம் மருத்துவக் கருவிகளின் திருத்தக் கையேடுகளைத் திரட்டி எவரும் இலவசமாகப் படிக்க வைத்தது. உயிர் காக்கும் அறிவு வணிக இரகசியமாக இருத்தல் தகுமா என்ற கேள்வியை அச்செயல் உலகின் முன் வைத்தது.

இதன் அடியில் இன்னொரு நோயும் உண்டு. கையால் வேலை செய்பவனைத் தாழ்வாக எண்ணும் பழக்கம் நம் சமூகத்தில் வேரோடியது. குளங் கட்டிய மன்னன் பெயரைப் பாடமாக்குகிறோம்; மாரிதோறும் அணையின் உடைவை மண்ணிட்டு அடைத்தவன் பெயரை யாரும் கேட்பதில்லை. ஆனால் குளம் இன்றுவரை நிற்பது அவனாலேதான். வகுப்பறையில் கண்டுபிடித்தவர்களின் பட்டியலை ஒப்புவிக்கச் செய்யும் ஆசிரியர்களாகிய நாமும் இப்பழக்கத்தை வளர்த்தே வருகிறோம். கருவி திருத்தும் தொழில்நுட்பவியலாளன் மருத்துவனுக்கும் தாதிக்கும் தோழனாய் மதிக்கப்படும் வரை, அவனுக்குரிய பயிற்சியும் உதிரிப்பாகமும் கேட்கும் குரல் வலுப்பெறாது.

செய்யாமையின் பலமெல்லாம் அது கண்ணுக்குப் புலப்படாமையே. அதைப் புலப்படுத்தும் வழி எளியது. ஒவ்வொரு கருவியிலும் இறுதியாகச் சோதித்த திகதி, சோதித்தவர் கையொப்பம், அடுத்த சோதனைக்குரிய நாள் ஆகியன எழுதப்பட்டிருக்கட்டும். திகதி கடந்துவிட்டதென்றால், ஒருவர் ஒன்றைச் செய்யவில்லை என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வைத்தியசாலைக் குழுக்களிலே இடம்பெறும் ஆசிரியர்களும், ஊர்ச் சங்கங்களில் உழைக்கும் மாணவர்களும் புதிய கருவி எத்தனை வந்தது என்று கேட்பதோடு நில்லாது, பழைய கருவி எப்போது சோதிக்கப்பட்டது என்றும் கேட்கட்டும். வாடியில் உறங்கும் உழவனுக்கு நாம் பட்டுள்ள கடன் அவ்வளவேனும் உண்டு.