ஒப்படைப்பதும் உடன்வைப்பதும்

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தைய இரவு, நம் வீடுகளில் ஒரு சிறு வழக்காடுமன்றம் கூடுவது இயல்பு. விமானத்தாரிடம் ஒப்படைக்கும் பெட்டியில் எதை வைப்பது, கையோடு கொண்டு செல்லும் பையில் எதை வைப்பது என்பதே வழக்கு. தாய் ஒரு கட்சி, தந்தை ஒரு கட்சி. எடை பார்க்கும் தராசே நடுவர். இது வெறும் சாமான் கட்டும் பேச்சு என்று தோன்றலாம். சற்றே நின்று நோக்கினால், அறநூலோர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாவொன்று அதனுள் அடங்கியிருப்பது புலனாகும். நமக்குரியவற்றுள் எவற்றைப் பிறர் கையில் நம்பி விடலாம்? எவற்றை நாமே சுமத்தல் வேண்டும்?

நமக்கு முந்தைய தலைமுறைக்கு இவ்வினா இவ்வடிவில் எழவில்லை. ஜி.டி. எக்ஸ்பிரஸிலும், 1976 முதல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் தலைநகருக்கு வந்தவர்கள், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி நெடுகிலும் தம் உடைமையைக் கண்ணெதிரே வைத்திருந்தனர். இரும்புப் பெட்டி இருக்கைக்கு அடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஹோல்டால் விரிந்து படுக்கையாகும். கூஜா கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். விமானமோ அத்தொலைவை ஏறத்தாழ மூன்று மணி நேரமாகச் சுருக்கியது. சுருக்கியதற்கு விலையாக நம் உடைமையை இரண்டாக வகுத்தது. உள்நாட்டுப் பயணத்தில் பெரும்பாலும் ஒப்படைப்பதற்கு 15 கிலோ, கையோடு கொள்வதற்கு 7 கிலோ என்பது இன்றைய கணக்கு.

இவ்விரண்டில் எதை எங்கு வைப்பது என்பதற்கு முதல் விடை எளிது. விலை உயர்ந்ததைக் கையில் வை, மலிந்ததை ஒப்படை என்பர். ஆனால் விமான விதிகள் இந்த விடையை ஏற்பதில்லை. கைப்பேசிக்கு மின்னூட்டும் பவர் பேங்கை ஒப்படைக்கும் பெட்டியில் வைத்தல் கூடாது. கையோடுதான் கொள்ள வேண்டும். அது விலை உயர்ந்தது என்பதாலா? அன்று. அதிலுள்ள லித்தியம் மின்கலம் தீப்பற்றக் கூடியது. பயணிகள் நடுவே அது புகைந்தால் ஒருவர் கண்ணில் படும், அணைத்துவிடலாம். யாருமில்லாத சரக்கறையில் புகைந்தால் காண்பார் இல்லை. எனவே அருமையானது மட்டுமன்று, ஆபத்தானதும் அருகில் இருக்க வேண்டும். நம் சினமும் அத்தகையதே. பிறர் பொறுப்பில் விட முடியாத பொருள்களுள் முதலாவது, தீப்பற்றக் கூடிய நம் சொந்தக் குணம் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஒப்படைத்தல் என்பதன் பொருளைச் சட்டம் அழகாக வரையறுத்துள்ளது. பன்னாட்டு விமானப் பயணத்துக்குரிய மான்ட்ரியல் உடன்படிக்கை 1999இல் உருவானது. இந்தியாவில் 2009 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்படைத்த பெட்டி நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கையில் தொலைந்தாலோ சிதைந்தாலோ, நிறுவனம் தவறிழைத்தது என்று பயணி மெய்ப்பிக்க வேண்டியதில்லை; பொருளின் இயற்கைக் குறையால் கெட்டாலன்றிப் பொறுப்பு நிறுவனத்துடையதே. கைப்பைக்கோ, நிறுவனத்தின் அல்லது அதன் பணியாளரின் தவறு இருந்தால் மட்டுமே பொறுப்பு. அதாவது, நம்பிக் கொடுத்தவன் காக்கப்படுகிறான். தானே வைத்துக்கொண்டவன் தன் காவலுக்குத் தானே பொறுப்பாகிறான்.

ஆயினும் அப்பொறுப்புக்கு ஓர் எல்லை உண்டு. சிறப்பு மதிப்பை முன்னரே அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தினாலன்றி, ஒரு பயணிக்குரிய உச்ச இழப்பீடு, பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகில் 1,519 என 2024 டிசம்பர் முதல் வகுக்கப்பட்டுள்ளது. பெட்டி வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராவிடில் இழப்புக்கு ஈடு கேட்கும் உரிமை பிறக்கும். பட்டுப்புடவைக்கு அந்தத் தொகை ஈடாகலாம். மறைந்த தந்தையின் கையெழுத்தில் உள்ள நாட்குறிப்புக்கு ஈடாகுமோ? விலை உள்ளதைச் சட்டம் திருப்பித் தரும். மதிப்பு மட்டுமே உள்ளதைத் திருப்பித் தர எச்சட்டத்தாலும் இயலாது. ஆகவே ஒப்படைப்பதற்கு உரியது எது என்னும் வினாவுக்குத் திருந்திய விடை இதுவாகும்: ஈடு செய்யக் கூடியதை ஒப்படைக்கலாம், ஈடில்லாததை உடன்வைக்க வேண்டும்.

அப்படியானால் அனைத்தையும் உடன்வைத்துக் கொள்வதே பாதுகாப்பு என்று சிலர் முடிவு செய்கின்றனர். இறங்கியதும் பெல்ட் அருகே காத்திருக்க வேண்டாம் என்பது கூடுதல் ஆதாயம். ஆனால் இருக்கைக்கு மேலுள்ள அறை யாருடையது? அது எந்த ஒருவருக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டதன்று. வரிசையில் அமர்ந்த அனைவர்க்கும் பொது. அதற்காகவே நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 115 சென்டிமீட்டர் என்னும் அளவு நம் நாட்டில் வைத்துள்ளனர். முன்னே ஏறியவர் தம் புடைத்த பைகள் இரண்டை அதில் திணித்தால், பின்னே வரும் முதியவரின் சிறு பை இடமின்றித் தவிக்கிறது. ஒருவர் பெல்ட் அருகே மிச்சப்படுத்தும் கால் மணி நேரத்தை, வழியில் நின்று காத்திருக்கும் நூறு பேர் செலுத்துகின்றனர். தம் தலைக்கு மேல் தாமே தூக்கி வைக்க இயலாத பையைக் கொணர்பவர், தம் சுமையைப் பணிப்பெண்ணின் தோளுக்கு மாற்றுகிறார். எனவே உடன்வைத்தலுக்கு ஓர் அறம் உண்டு: தானே சுமக்க இயன்ற அளவும், பொதுவிடத்தில் தன் பங்கும் கடவாமை.

ஒப்படைத்தலுக்கும் அவ்வாறே ஓர் அறம் உண்டு. திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரம் இருப்பதை அறிவோம். ஆராயாமல் நம்புவதையும், நம்பியபின் ஐயுறுவதையும் வள்ளுவர் ஒரே நிறையாகக் குற்றம் காண்கிறார். பூட்டிப் பெயர் எழுதி ஒப்படைத்த பின்னும், பயணம் முழுவதும் பெட்டியை எண்ணிப் பதைப்பவர், கையில் ஏந்தாமலே அதைச் சுமக்கிறார். நள்ளிரவிலும் மழையிலும் பெட்டிகளை ஏற்றி இறக்கும் முகமறியாத் தொழிலாளரின் உழைப்பை நம்பித்தான் நம் பயணம் நடைபெறுகிறது. அந்நம்பிக்கையை நன்றியோடு வைப்பதே முறை.

சுமத்தலே நோக்கமாகும் பொருள்களும் உள்ளன. சபரிமலை செல்வோரின் இருமுடியில் முன்முடி இறைவனுக்கு உரியது, பின்முடி வழிப்பயணத்துக்கு உரியது. நெய்த்தேங்காய் முன்முடியில் இருக்கும். தேங்காயைக் கையோடு கொண்டு செல்லப் பாதுகாப்பு விதி இடம் தராமையால், விமானத்தில் செல்லும் பக்தர் இருமுடியை ஒப்படைக்க நேர்ந்தது. 2024 அக்டோபரில், 2025 சனவரி 20 வரை அதற்குத் தனி விலக்கு அளிக்கப்பட்டது. எக்ஸ்ரே, வெடிபொருள் தடயச் சோதனை, கைச் சோதனை ஆகியவற்றின் பின்னரே அனுமதி. சுமப்பவனின் உரிமையும் உடன்பயணிகளின் அச்சமின்மையும் ஒன்றையொன்று மதித்த தீர்ப்பு அது.

இனி, இவ்விரு வகையும் பயன்படாத ஒரு நேரத்தையும் கருத வேண்டும். 2016 ஆகஸ்ட் 3ஆம் நாள் திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சென்ற எமிரேட்ஸ் விமானம் ஓடுபாதையில் மோதித் தீப்பற்றியது. அதிலிருந்த 300 பேரும் உயிர் தப்பினர். தீயணைக்க வந்த வீரர் ஒருவர் உயிர் நீத்தார். புகை சூழ்ந்த அந்நேரத்திலும் சிலர் மேலறையைத் திறந்து பைகளை எடுத்ததைக் காணொளி காட்டியது. நாம் அவர்களை எள்ளி நகையாடுதல் தகாது. பிழைப்புத் தேடிக் கடல் கடப்பவனுக்குப் பாஸ்போர்ட்டும் சான்றிதழும் வெறும் தாள்கள் அல்ல. ஆயினும் அவன் குனிந்து நிமிரும் நொடிகள் பின்னால் நிற்பவனின் நொடிகள். விமானத்தில் உள்ள அனைவரும் பாதி வாயில்களின் வழியே 90 நொடியில் வெளியேற இயல வேண்டும் என்பது விமானத்துக்கு வைக்கப்படும் தேர்வு. பைகளோடு வெளியேறுவது அத்தேர்வில் சேராது. 2024 சனவரி 2இல் டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் எரிந்த ஜப்பானிய விமானத்திலிருந்து 379 பேரும் தப்பினர். அவர்கள் தம் பைகளை விட்டிறங்கியதை உலகம் பாராட்டியது.

இதிலிருந்து மூன்றாம் வகை ஒன்று தெளிவாகிறது. பெட்டியிலும் வைக்காமல், பையிலும் வைக்காமல், உடம்போடு வைக்க வேண்டியவை சில உண்டு. பாஸ்போர்ட்டையும் இன்றியமையா மருந்தையும் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ வைத்திருப்பவன், கைப்பையைத் தயங்காது விட்டு எழுவான். விடத் துணிவு வேண்டுமெனில் முன்னரே வகுத்து வைக்கும் அறிவு வேண்டும்.

ஊர் விட்டு ஊர் வந்த நாம் இவ்வகுப்பை நம் வாழ்வுக்கும் பொருத்திப் பார்க்கலாம். வீட்டையும் நிலத்தையும் உறவினரிடம் ஒப்படைத்து வந்தோம், அது தவறன்று. முதிய பெற்றோரையும் உடன்பிறந்தாரிடம் ஒப்படைத்து வந்தவர் நம்மிற் பலர். பெட்டியை ஒப்படைத்தால் பொறுப்பும் கைமாறும். பெற்றோரை ஒப்படைத்தால் பணி மட்டுமே கைமாறும், பொறுப்பு மாறாது. மாதந்தோறும் அனுப்பும் பணம் ஈடாகும் என்று எண்ணுபவர், விலையையும் மதிப்பையும் ஒன்றாகக் கருதிவிட்டார்.

தமிழை எங்கே வைத்தோம்? சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு, பொங்கல் விழாவன்று வந்து பெற்றுக்கொள்வோர் உளர். சங்கம் தன் கடமையைச் செய்யும்; எனினும் குழந்தையோடு உணவு வேளையில் பேசும் மொழியை எச்சங்கமும் நமக்காகச் சுமக்க இயலாது. அது பெட்டியில் வைப்பதற்கும் உரியதன்று, பையில் வைப்பதற்கும் உரியதன்று. நெருப்பிலும் விட நேராதபடி நாவில் வைப்பதற்கு உரியது. அதற்கு எடை வரம்பை எந்நிறுவனமும் விதித்ததில்லை.