நம்ம சாமி

2018-ல் ஆக்ஸ்போர்டு போயிருந்தேன். 1683-ல் திறந்த ஆஷ்மோலியன் மியூசியத்தில் திருமங்கை ஆழ்வார் வெண்கலச் சிலையாக நின்றார். "நம்ம சாமி தோழர்! இங்க கொண்டாந்து வச்சிட்டானுங்களே" என்று கொதித்தார் கூட வந்த நண்பர். நான் ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்தேன். யாரும் 'தள்ளி நில்லு' என்று சொல்லவில்லை.

ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-லேயே வந்தும், எங்க ஊர்ப் பெருமாளை என் தாத்தா தேர்மேல் தூரத்தில் பார்த்ததோடு சரி. வடம் தொடக்கூட விடல.

ஆழ்வாரை மியூசியம் 1967-ல் ஏலத்தில் வாங்கியது. 1957-ல் அவர் கும்பகோணம் பக்கத்துக் கோயிலில் இருந்ததற்குப் போட்டோ கிடைத்தது. 2024-ல் திருப்பித் தர பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. நியாயம்தான். திருட்டு திருட்டுதான். காசு வாங்காமல் காட்டினான் என்பதற்காக வெள்ளைக்காரன் அலமாரியை நான் சமத்துவம் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் நண்பர் சொன்ன 'நம்ம' இன்னும் உறுத்துகிறது. களவு போனால் நம்ம சாமி, கருவறையில் இருந்தால் உங்க சாமி என்றால், அந்த 'நம்ம'வில் என் தாத்தா எங்கே நிற்கிறார்? சிலை இருந்ததற்குப் போட்டோ இருக்கிறது. அவரை வாசலில் மறித்ததற்கு எந்தப் போட்டோவைக் காட்டுவது? சிலையைத் திருப்பிக் கேட்கிறவர்கள், அவரிடம் பறித்ததையும் திருப்பித் தரணும்.