விளக்கும் சாட்சியும்

பழைய காரை விற்பதற்கு முந்தின நாள் அதன் ஞாபகத்தை அழித்தேன். இப்படி எழுதினால் கவிதை மாதிரி தொனிக்கிறது. நடந்தது அவ்வளவு கௌரவமான காரியமல்ல.

கோயம்புத்தூரில் சங்கனூர்ப் பக்கம் ஒரு பட்டறை. டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒரு வாரமாக எரிந்துகொண்டிருந்தது. பட்டறைப் பையன் குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் இடிக்கிற இடத்திலிருந்த 16 துளை சாக்கெட்டில் தீப்பெட்டி அளவு சாதனம் ஒன்றைச் செருகினான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான். அவன் செல்போனில் பி0171 என்று வந்தது. ‘கோட் அடிச்சிருக்குதுங்க சார். விக்கற வண்டிதானுங்களே, அழிச்சு உட்றலாங்களா?’ தலையாட்டினேன். 5 விநாடி ஆகியிருக்கும். விளக்கு அணைந்தது. மறுநாள் பல்லடம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்தார், ஓட்டிப் பார்த்தார், பணத்தை எண்ணிக் கொடுத்து வாங்கிப்போனார். விளக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை. எரியாத விளக்கைப் பற்றி யார் கேட்பார்கள்?

நான் பொய் சொன்னேனா? வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. வண்டியும் சொல்லவில்லை. தப்பித்துக்கொள்ள ஒரு வாதமும் உடனே கிடைத்தது. விமர்சனம் எழுதிப் பழகியதில் கிடைக்கிற சௌகரியம் இது. கோட் என்பது வெறும் குறி, குறியும் கோளாறும் ஒன்றல்ல, குறியை அழித்தவன் கோளாறை மறைத்தவனாக மாட்டான், கோளாறு வண்டியில்தான் இருக்கிறது, வேண்டியவர் பார்த்துக்கொள்ளட்டும். இந்த வாதத்தின் முதல் பாதி சரியானது. அது எவ்வளவு தூரம் சரி என்று பார்த்தால்தான் மற்றப் பாதியின் போக்கிரித்தனம் தெரியும்.

பி என்ற எழுத்து எஞ்சினும் கியரும் சேர்ந்த பகுதியைக் குறிக்கும். அடுத்துள்ள 0, இது எல்லாக் கம்பெனி வண்டிகளுக்கும் பொதுவான குறி என்கிறது. அந்த இடத்தில் 1 இருந்தால் அது அந்தக் கம்பெனியின் சொந்த பாஷை. அதற்கடுத்த 1 காற்றும் பெட்ரோலும் அளக்கப்படுவது சம்பந்தப்பட்டது. மொத்தமாகப் படித்தால்: கலவை மெலிந்திருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. ஒன்று பெட்ரோல் குறைகிறது, அல்லது காற்று கூடுகிறது. எதனால் என்று குறி சொல்லாது. காற்றுக் குழாயில் வெடிப்பு இருக்கலாம். காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு படிந்திருக்கலாம். பெட்ரோல் பம்ப் களைத்திருக்கலாம், இஞ்செக்டர் அடைத்திருக்கலாம். பி0420 இன்னும் மோசம். புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னது ஆடிக்கொண்டே இருக்கும், பின்னது ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போல ஆட ஆரம்பித்தால், கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று எஞ்சின் கம்ப்யூட்டர் அனுமானிக்கிறது. சென்சாரிலிருந்து வந்த சேதி என்பதால் சென்சாரையே கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுகிறவர்கள் உண்டு. தூதனைக் கொல்லக்கூடாதென்று விபீஷணன் சொன்ன நியாயம் பட்டறைகளில் செல்லுபடியாவதில்லை.

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் தருக்கம் சொல்லித் தருகிறார். பி.ஏ.யில் இங்கிலீஷ் படித்தவன் நான், அந்தப் பக்கங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தேன். வந்தபோதும் கவிதை நின்றுபோன இடம் என்று தாண்டிப்போகவே மனம் இருந்தது. புகையைக் கொண்டு நெருப்பை அனுமானிப்பதும், அதற்கு அடுக்களையைத் திருஷ்டாந்தம் காட்டுவதும் அங்கே வருகின்றன. ஏதுப் போலிகளும் வருகின்றன: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். அநைகாந்திகம் என்பது ஒரே முடிவுக்குக் கொண்டுசேர்க்காத ஏது. இந்தப் பக்கமும் போகும், அந்தப் பக்கமும் போகும். பி0171ஐக் கண்டவுடன் பம்பை மாற்று என்கிறவன் செய்வது இதுதான். நையாயிகர்கள் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள். புகை இருந்தால் நெருப்பு உண்டு. ஆனால் நெருப்பு இருந்தால் புகை இருந்தாக வேண்டும் என்பதில்லை. அதற்கு விறகு ஈரமாக இருக்க வேண்டும். இந்த ஈரத்துக்கு உபாதி என்று பெயர். புகை இல்லாததால் நெருப்பில்லை என்று நினைத்த மனிதருக்குத்தான் நான் காரை விற்றேன். விறகை உலர்த்தி வைத்தவன் நான்.

அதே பட்டறையில் ஒரு பெரியவர் இருக்கிறார், அம்பாஸடர் காலத்து ஆள். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற எஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அவரை ரிஷியாக்குகிற உத்தேசம் எனக்கில்லை. ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரு பஸ்ஸை ஓட்டித் தொடங்கினாலும் தொடங்கினார், இந்த ஜில்லாவில் ஸ்பேனர் பிடித்த ஒவ்வொருவனுக்கும் தன் கைக்கு எல்லாம் தெரியும் என்ற மிதப்பு வந்துவிட்டது. கார்புரேட்டர் போய், எஞ்சினைக் கம்ப்யூட்டர் ஆள ஆரம்பித்த பிறகு பெரியவரின் காது பலமுறை தோற்றிருக்கிறது, அதை அவரே சொல்வார். ஆனால் பையன் கோட்டைப் படித்துச் சொன்னதும் அவர் கேட்கிற கேள்வி வேறு ரகம். எப்போது எரிந்தது? மேட்டிலா, நின்றுகொண்டிருந்தபோதா? மழை பெய்ததா? எந்த பங்க்கில் பெட்ரோல் போட்டீர்கள்? இத்தனைக்கும் கம்ப்யூட்டரே இதில் பாதியைக் குறித்து வைத்திருக்கிறது: கோளாறு பதிவான தருணத்தில் வேகம் என்ன, எஞ்சின் சூடு என்ன, பாரம் என்ன என்று ஒரு போட்டோ மாதிரி. பையன் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. குறி கிடைத்தாயிற்று, போதும்.

நம் விமர்சனத்தில் இந்தப் பையன்களே அதிகம். அந்நியமாதல், உருவவாதம், தனிமனித வாதம், நம்பிக்கை வறட்சி; சாக்கெட்டில் செருகினால் உடனே எண் வந்துவிடுகிறது. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து மாணவர்களை எழுதச் சொன்னார். 1929இல் புத்தகமாக வந்த அந்த விடைகளைப் படித்தால், கவிதையைப் பார்க்காமல் கையிருப்பில் உள்ள எதிர்வினையை எடுத்து நீட்டுகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு என்பது தெரிகிறது. நானும் நீட்டியிருக்கிறேன். ஆனால் அங்கே சேதம் குறைவு; கவிஞன் திட்டிவிட்டு அடுத்த கவிதை எழுதுவான். சேதம் அதிகமான இடத்தில்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

பாங்கில் நான் உட்காரும் இடத்துக்கும் கோட்கள் வருகின்றன. தவணை தவறி 30 நாள் வரை எஸ்.எம்.ஏ. 0, 31 முதல் 60 வரை எஸ்.எம்.ஏ. 1, 61 முதல் 90 வரை எஸ்.எம்.ஏ. 2. தொண்ணூறைத் தாண்டினால் வாராக்கடன். கம்ப்யூட்டர் இரவில் தானே வகைப்படுத்திவிடும், காலையில் பட்டியல் மேஜைக்கு வரும். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருந்த ஒருவரின் பெயர் ஒருநாள் அதில் இருந்தது. 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலி உயர்வுக்காகத் தறிகள் நின்ற சமயத்தை ஒட்டி. கடிதத்தை நான்தான் தயார் செய்தேன். விதிப்படி சரியான கடிதம்.

பிறகு அவர் கணக்கைப் பின்னோக்கிப் பார்த்தேன். அதற்கு முந்தின இரண்டு வருஷமும் ஒரு தவணை தவறவில்லை. ஆனால் தவணைத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால், எங்கள் கிளையிலேயே, அவர் மனைவி பெயரில் நகைக்கடன். முதலில் வளையல், பிறகு ஆரம், பிறகு என்னென்னவோ. ஒரு கவுண்டரில் வாங்கிய பணம் பக்கத்துக் கவுண்டரில் தவணையாகக் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு கணக்கும் தனித்தனியாகச் சுத்தம். எந்த விளக்கும் எரியவில்லை.

பி0171 உண்டாகிற விதம் இதேதான் என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது. காற்றுக் குழாயில் மயிரிழை வெடிப்பு விட்டதும் விளக்கு எரிந்துவிடுவதில்லை. கலவை மெலிவதைச் சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டிக்கொள்கிறது. வெடிப்பு பெரிதாக இன்னும் கொஞ்சம். 5 சதவீதம், 10, 15. ஓட்டுகிறவனுக்கு எதுவும் தெரியாது, வண்டி நன்றாகவே ஓடும். வண்டிக்கு வண்டி மாறுகிற ஏதோ ஒரு வரம்பு, பெரும்பாலும் 20–25 சதவீதத்தை ஒட்டி. அதற்கு மேல் கூட்ட இடமில்லை என்கிறபோதுதான் கம்ப்யூட்டர் குறியை எழுதுகிறது. அப்போதும் உடனே அல்ல. முதல் தடவை பதிந்துவைத்துக்கொள்ளும், அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் விளக்கு. ஆக, விளக்கு எரிந்த நாளைக் கோளாறு பிறந்த நாள் என்று கொள்வது அறியாமை. அது சமாளிப்பு தீர்ந்துபோன நாள். அந்தச் சமாளிப்பின் அளவும் அதே சாக்கெட் வழியாக அதே செல்போனில் படிக்கக் கிடைக்கிறது, பாங்கில் நகைக்கடன் லெட்ஜர் கிடைப்பதைப் போல. படிக்க யாருக்கும் உத்தரவில்லை, அவ்வளவுதான். எனக்கும் இல்லை. உத்தரவில்லாததைப் படிக்காமல் இருந்தது குற்றமா என்று கேட்டால் ஆபீஸில் யாரும் ஆம் என்று சொல்ல மாட்டார்கள். தறிக்காரர் மட்டும் ஒருமுறை சொன்னார்: ‘நீங்க நெதம் பாத்துட்டுத்தானுங்களே இருந்தீங்க.’

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மற்றவனுடைய குறியைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு கடிதம் அடித்த அதே ஆள், தன் வண்டியின் குறியை வெறும் குறி என்று சொல்லி அழித்திருக்கிறான். குறியின் தத்துவம் மாறவில்லை. கோளாறு யாருடையது என்பதுதான் மாறியிருக்கிறது.

இந்தச் சாக்கெட் காரை வாங்கியவனின் சௌகரியத்துக்காக வைக்கப்பட்டதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸின் புகைமூட்டத்தில் திணறிய கலிபோர்னியா 1988 மாடல் வண்டிகளில் இதன் முதல் வடிவத்தைக் கட்டாயமாக்கியது. 1996இல் அமெரிக்கா முழுவதற்கும் இப்போதைய பொது வடிவம். இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010இல் முதல் கட்டமும் 2013இல் இரண்டாம் கட்டமும் வந்தன. அதாவது, வண்டியின் சொந்தக்காரனுக்கு எதிராக, தெருவில் மூச்சு விடுகிறவர்கள் சார்பில், வண்டிக்குள்ளேயே உட்காரவைக்கப்பட்ட சாட்சி இது. ஆகவே நான் கலைத்த சாட்சி ஆசிரியருக்கு மட்டும் உரியதல்ல.

சாட்சியைப் போலீஸாக்கிய பிறகு என்ன ஆகிறது என்பதை நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களைக் கேட்டால் தெரியும். யூரியா என்று அவர்கள் சொல்கிற திரவம் தீர்ந்துவிட்டாலோ, அந்த ஏற்பாட்டில் கோளாறு என்று கம்ப்யூட்டர் நினைத்துவிட்டாலோ, எஞ்சினின் இழுவையைக் குறைத்துவிடும்; பாரத்தோடு லாரி மேட்டில் தவழும். அவர்கள் அந்த விளக்கை வெறுப்பதில் ஆச்சரியமில்லை. சாட்சியையே விலைக்கு வாங்கிவிடுவதும் நடந்திருக்கிறது. 2015 செப்டம்பரில் அம்பலமான வோக்ஸ்வாகன் விவகாரத்தில், சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் சுத்தமாக ஓடும்படி டீசல் கார்களுக்கு மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். சோதனையில் காட்டிய முகம் வேறு, ரோட்டில் விட்ட புகை வேறு. விளக்கோ எரியவே இல்லை. அந்த எஞ்சினியர்களோடு ஒப்பிட்டால் நான் சில்லறை ஆள். இந்த ஒப்பீடு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

யந்திரத்தில் மன்னிப்புக்கு இடம் இருக்கிறது. குறையைச் சரிசெய்து, தொடர்ந்து மூன்று ஓட்டங்கள் கோளாறின்றிப் போனால் விளக்கு தானே அணைந்துவிடும். பிறகு, பெரும்பாலான குறிகளுக்கு, 40 முறை எஞ்சின் சூடேறி ஆறிய பின் பதிவும் தானே மறைந்துவிடும். தறிக்காரரின் சிபில் பதிவுக்கு இந்தத் தாராளம் கிடையாது. நாம் அழித்தாலோ வேறு மாதிரி. குறி போய்விடும், ஆனால் அதோடு கம்ப்யூட்டர் தன் பரிசோதனைகளின் முடிவுகளையும் இழந்து, இன்னும் பார்க்கவில்லை என்று எழுதிவைத்துக்கொள்ளும். மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கப் பல நாள் ஓட்டம் வேண்டும். தெரிந்த ஒருவர் அந்தச் சாக்கெட்டில் செருகிப் பார்த்திருந்தால், நல்ல வண்டி என்ற பதில் வந்திருக்காது. இன்னும் தெரியாது என்றுதான் வந்திருக்கும். நம் ஊரில் புகைச் சான்று கொடுக்கிறவர் சைலன்ஸரில் குழாயை விடுவதோடு சரி, சாக்கெட் பக்கம் போவதில்லை. ஆசிரியரும் போகவில்லை.

மூன்றாவது வாரம் அவர் போன் செய்தார். ‘சார், மஞ்சளா ஒரு லைட் எரியுதுங்க. புதுசா வந்ததுங்களா, உங்ககிட்ட இருக்கறப்பவே இருந்ததுங்களா?’ குற்றம் சாட்டுகிற குரல் அல்ல. வகுப்பில் பையன் ஒருவனை விசாரிக்கிற மாதிரி, பதிலுக்கு இடம் விட்டுக் கேட்டார். முன்னாடியே இருந்ததுங்க என்றேன். ஏர் பில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர் ஹோஸின் வளைவை விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன், அங்கேதான் வெடிப்பு இருக்கக்கூடும் என்று பெரியவர் ஒருமுறை சொல்லியிருந்தார். எவ்வளவு ஆனாலும் செலவு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘அப்ப நான் பாக்கறப்ப எரியலீங்களே?’ என்றார்.

இதற்குத் தமிழில் இரண்டு வினை இருக்கிறது. அழித்திருந்தேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ‘அழிஞ்சிருந்ததுங்க’ என்று வந்தது.