கொடுக்கும் கையும் வாங்கும் கையும்

ஆலயத்தில் அன்னதானம் நடைபெறும் நாளில் பந்தியில் இருப்பவர் யார், பரிமாறுபவர் யார் என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. தோட்டத்துத் தலைவரும், கொழுந்து பறிக்கும் தாயும், கடை முதலாளியும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே சோற்றை உண்கின்றனர். முதற் பந்தியில் உண்டவர் அடுத்த பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்குகின்றார். வாங்கிய கை சிறிது நேரத்தில் கொடுக்கும் கையாக மாறிவிடுகின்றது. ஆகவேதான் அன்னதானத்தில் உண்டவர் எவரும் தாம் பிச்சை பெற்றதாக எண்ணி வெட்கப்படுவதில்லை.

ஆலயத்துக்கு வெளியே நடைபெறும் தருமங்கள் யாவும் இவ்வாறு அமைகின்றனவா? வறிய மாணவர், மாற்றுத்திறனாளிகள், போரில் உடல் உறுப்பை இழந்தோர் ஆகியோருக்குச் சங்கங்களும் கழகங்களும் இன்று பல உதவிகளைச் செய்து வருகின்றன. அவை பாராட்டுக்குரியன. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. தருமம் என்பது கொடுப்பவர் மனம் நிறைவதற்கா, வாங்குபவர் தலைநிமிர்ந்து நிற்பதற்கா?

திருவள்ளுவப் பெருந்தகை இதனை நன்கு அறிந்திருந்தார். திருக்குறளில் ஈகை என்பது 23ஆவது அதிகாரம். அதற்கு முன்னதாக, 22ஆவது அதிகாரமாக ஒப்புரவறிதல் அமைந்துள்ளது. ஊரோடு ஒத்து வாழ்ந்து உதவுவது ஒப்புரவு. இல்லாதவர்க்குக் கொடுப்பது ஈகை. பிறரைத் தம்மோடு ஒத்தவராக மதிக்கத் தெரிந்தவனே முறையாகக் கொடுக்கவும் தெரிந்தவன் என்று இவ்வரிசைக்குப் பொருள் கொள்ளலாம்.

சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தில் வரும் தண்டியடிகள் நாயனாரை அடியார்கள் அறிவர். திருவாரூரில் அவதரித்த அவர் கண்பார்வை இல்லாதவர். கமலாலயத் திருக்குளத்தை ஆழப்படுத்தும் பணியைத் தாமே மேற்கொண்டார். குளத்தின் உள்ளே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிற்றைக் கட்டி, அதனைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார். ஊனம் உடையவர் பிறர் தொண்டைப் பெறுவதற்கு மட்டுமே உரியவர் என்ற எண்ணத்தை அந்தச் சரிதம் மாற்றிவிடுகின்றது. பரிதாபச் சொல் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை; வழிகாட்ட ஒரு கயிறே போதுமானதாக இருந்தது.

இதே உண்மையை வேற்று நாட்டு வரலாறும் கூறுகின்றது. லயன்ஸ் என்றவுடன் தோட்டத்துப் பெரியவர்கள் சிலருக்கு லயத்துக் காம்பராக்களே ஞாபகத்துக்கு வரும். ஆனால் லயன்ஸ் கழகம் என்பது 1917ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் உருவான சகோதரத்துவ அமைப்பு. 1925ஆம் ஆண்டு அதன் மாநாட்டில் பார்வையும் கேட்கும் திறனும் அற்ற ஹெலன் கெல்லர் அம்மையார் உரையாற்றினார். பார்வையற்றோரின் துணைவராகத் தொண்டாற்ற வாருங்கள் என்று அவர் விடுத்த வேண்டுகோளை அக்கழகத்தினர் ஏற்றனர். இன்று அவர்கள் உலகெங்கும் நடத்தும் கண் சிகிச்சை முகாம்களுக்கு அடித்தளம் அதுவே. இங்கு என்ன தேவை என்பதைச் சொன்னவர் குறையை அனுபவித்தவர். செவிமடுத்தவர்கள் உதவ வந்தவர்கள். தொண்டின் முதற்படி செவி என்றால் மிகையாகாது.

அதே அமெரிக்காவில் பியோரியா என்னும் நகரத்து லயன்ஸ் கழகத்தவர் ஒருவர், கறுப்புக் கைத்தடியுடன் வீதியைக் கடக்க முயன்ற பார்வையற்ற ஒருவரை வாகன ஓட்டிகள் கவனிக்காததைக் கண்டார். 1930ஆம் ஆண்டில் அக்கழகம் கைத்தடிகளுக்கு வெள்ளை நிறம் பூசி வழங்கத் தொடங்கியது. செலவு சொற்பம், பலனோ பெரிது. மற்றவர் கையைப் பிடித்து நடந்தவர் தாமே வீதியைக் கடந்தார்.

உதவி யாருக்குப் போய்ச் சேருகின்றது என்பதையும் ஆராய வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் ஒவ்வொரு வருடமும் நவம்பர் 11ஆம் திகதி முதலாம் உலகப் போர் வீரர்களுக்காக இலங்கையில் பொப்பி மலர் விற்கப்பட்டது. அதில் சேர்ந்த பணத்தின் பெரும்பங்கு பிரித்தானிய வீரர்களுக்கே சென்றது. அதே போரில் பங்குபற்றிய இலங்கையர் போதிய உதவியின்றி இருந்தனர். இதனைக் கண்ட ஏலியன் பெரேரா என்பவர் 1931ஆம் ஆண்டில் பொப்பி மலருக்குப் பதிலாகச் சூரிய மல் விற்கும் முயற்சியை ஆரம்பித்தார். சூரிய மல் என்பது வேறொன்றுமன்று; பூவரசம்பூவேயாகும். 1933ஆம் ஆண்டில் இளைஞர் கழகங்கள் இதனை ஓர் இயக்கமாக வளர்த்தன. 1934–35இல் மலேரியாக் காய்ச்சல் பல்லாயிரம் உயிர்களைக் கொள்ளை கொண்டபோது, அந்த இயக்கத்தினரே கிராமங்களுக்குச் சென்று நோயாளருக்கு உதவினர். தூரத்தில் இருப்பவனுக்குக் கொடுப்பது தவறன்று. ஆனால் வாசலில் நிற்பவனைக் காணாமல் தூரத்தைப் பார்ப்பது தருமமாகாது.

போரின் வேதனையை இந்த நாடு நன்கறியும். 2009இல் போர் முடிந்த போதும் கால் இழந்தவருக்கு அது முடிந்துவிடவில்லை. சீருடை அணிந்தவராயினும், வயலுக்குச் சென்றபோது மிதிவெடியில் சிக்கியவராயினும், அறுந்த காலுக்கு இனமும் இல்லை, மொழியும் இல்லை. இத்தகையோருக்கு வரப்பிரசாதமாக அமைந்தது ஜெய்ப்பூர் கால். 1968ஆம் ஆண்டளவில் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் வைத்தியர் பிரமோத் கரண் சேத்தியும், பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் இதனை உருவாக்கினர். மேலைநாட்டுச் செயற்கைக் காலுக்குச் சப்பாத்து வேண்டும். அதனுடன் குந்தியிருக்கவோ, சம்மணமிட்டு உண்ணவோ, சேற்று வயலில் இறங்கவோ இயலாது. நம்மவரின் வாழ்க்கையோ இவை இன்றி நடவாது. ஜெய்ப்பூர் கால் வெறுங்காலுடன் நடக்கக்கூடியதாக அமைந்தது. அதாவது, அதை அணிந்தவர் சந்நிதிக்கும் வரலாம். கொழும்பில் 1831ஆம் ஆண்டு முதல் இயங்கும் பிரண்ட் இன் நீட் சொசைட்டி 1985ஆம் ஆண்டிலும், யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1987ஆம் ஆண்டிலும் இப்பணியைத் தொடங்கின.

மலையகத்தில் இந்தப் பாடம் மிகவும் அவசியமானது. லுணுகலை, ஹொப்டன், அடாவத்தை போன்ற இடங்களில் லயத்துக்குச் செல்லும் வழி பெரும்பாலும் படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையுமே. அங்கு வாழும் ஒருவருக்கு மேடையில் மாலையிட்டுச் சக்கர நாற்காலி வழங்கினால், அது காம்பராவின் மூலையில் உடுப்புக் காயப்போடும் இடமாகிவிடும். அதே பணத்தில் பாதையைச் சமப்படுத்திக் கைப்பிடி அமைத்திருந்தால் அவர் வெளியே வந்திருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும்.

விளம்பரம் இன்றி உதவி சேராது, படத்தைப் பார்த்துத்தான் நாலுபேர் கொடுக்க முன்வருகின்றனர் என்று சிலர் வாதிடுவர். இதில் நியாயம் இல்லாமலில்லை. ஆலயத்து ரியூப் லைற்றில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு உபயகாரர் பெயர் எழுதப்படுவதை யாவரும் கண்டிருக்கின்றனர். கொடுத்தவர் பெயரும் வரவு செலவுக் கணக்கும் பகிரங்கமாக இருப்பது நல்லதே. ஆனால் கொப்பி வாங்கிய பிள்ளையின் முகமும், ஊன்றுகோல் வாங்கிய முதியவரின் முகமும் அவ்வாறு காட்டப்பட வேண்டியவை அல்ல. நாளை அந்தப் பிள்ளை ஓர் ஆசிரியராகலாம். அப்போதும் அந்தப் படம் இருக்கும்.

இன்னுமொன்று. உரிமை எது, தருமம் எது என்பதை மலையக மக்களைப் போல் அறிந்தவர் குறைவு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதற்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் அவ்வாறே. அவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996ஆம் ஆண்டு நிறைவேறியது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் வந்து செல்ல வசதி செய்யும் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஆகவே சாய்வுப் பாதை என்பது யாரோ இரங்கிக் கொடுக்கும் பிச்சை அன்று. அவர்களுக்குச் சேர வேண்டியது.

இதற்கெல்லாம் பெரிய கழகம் வேண்டுமென்பதில்லை. கிராமங்களிலும் தோட்டங்களிலும் இயங்கும் மரணாதார சங்கமே சிறந்த உதாரணம். மாதாந்தம் எல்லோரும் சந்தா கட்டுகின்றனர். துக்கம் நேர்ந்த வீட்டுக்கு எல்லோரும் செல்கின்றனர். இன்று பந்தல் கட்டியவர் வீட்டில் நாளை மற்றவர் பந்தல் கட்டுவார். அங்கு கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. அங்கத்தவர் மட்டுமே உள்ளனர். வள்ளுவர் சொன்ன ஒப்புரவு இதுவேயாகும். செத்த வீட்டுக்குக் காட்டும் இந்த மரியாதையை, உயிரோடு இருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் படிக்க வசதியற்ற பிள்ளைக்கும் காட்ட இயலாதா?

அடியார்கள் ஆலயத்திலிருந்தே இதனை ஆரம்பிக்கலாம். வாசற்படிக்கு அருகே ஒரு சாய்வுப் பாதையும் கைப்பிடியும் அமையட்டும். அவற்றை எங்கே, எவ்வளவு சரிவாக அமைக்க வேண்டும் என்று அவற்றைப் பயன்படுத்தப் போகின்றவரிடமே கேட்கட்டும். உள்ளே வந்தவருக்குத் திருநீறு கொடுத்து அனுப்பிவிடாமல், மாலை கட்டவோ, கணக்கு எழுதவோ, தேவாரம் பாடவோ ஒரு பணியும் ஒப்படைக்கட்டும். அவர் கையும் கொடுக்கும் கையாகும்போதுதான் தருமம் நிறைவடைகின்றது.

எல்லாம் வல்ல இறைவன் அந்த மனப்பக்குவத்தை யாவருக்கும் அருள்வானாக.