மூலையிலே வைத்த மக்கு

ஊழியத்துக்கு வருமுன் நான் போட்டோ பிரேம் கடையிலே வேலை கற்றேன். ஒரு சகோதரி, மரித்த கணவருடைய 10-க்கு 12 அங்குலப் படத்தைக் கொண்டுவந்தார்கள். அவர்களிடம் இருந்தது அது ஒன்றுதான். நான் சட்டத்தின் வெளி ஓரத்தை 10, 12 என்று அளந்து அறுத்துவிட்டேன்! கண்ணாடி உட்காரவில்லை. படத்தையே கொஞ்சம் நறுக்கலாமென்று கத்தரிக்கோலை எடுத்தேன். முதலாளி கையைப் பிடித்தார்.

"தம்பி, கண்ணாடி உட்கார்ற உள்பள்ளத்துல அளக்கணும். ஒரு நூல் கூடுதலா விடணும்."

பள்ளத்திலிருந்து வெளி ஓரம்வரை 1 அங்குலமென்றால், சுற்றளவு 44-உடன் எட்டு மூலை அறுப்புக்கு 8 கூட்டி, 52-க்கு மேலே மரம் வேண்டும். சேதாரம் தனி.

மறுபடி அறுத்தேன். எட்டு அறுப்பிலும் 45-க்கு அரை டிகிரி குறைந்தாலே, கடைசி மூலை 4 டிகிரி வாய் பிளக்கும். எனக்கும் பிளந்தது. மக்கு வைத்து, தங்க வர்ணம் பூசி, யாருக்கும் சொல்லாமல் கொடுத்தனுப்பினேன். சகோதரி கண்ணீரோடே ஸ்தோத்திரம் சொன்னார்கள். அன்று இரவு தூக்கமில்லை, பிரியமானவர்களே.

மழைக்காலத்திலே மக்கு உதிர்ந்தது. நானே வீடு தேடிப் போனேன். "அக்கா, நான்தான் மறைச்சு வச்சேன்" என்று சொல்லி, கழற்றிக்கொண்டு வந்து, புதிதாய் நாலு சட்டம் அறுத்தேன்.