நல்லதுக்குச் சொன்னா பொய் மெய்யாகுமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பினாங்கு லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் ஒரு கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். நம் இளைஞர் பகுதித் தம்பி ஒருவன், கல்லூரியில் படிப்பவன், கைப்பேசியை நீட்டினான்.

"அண்ணே, திங்கட்கிழமை பப்ளிக் ஸ்பீக்கிங் வகுப்புல நான் பேசணும், ஏழு நிமிஷம். ஆரம்பத்தைப் பாருங்க."

கணினிக்கு மிகச் சிறந்த மொழி சமஸ்கிருதம்தான் என்று நாசா அறிவித்துவிட்டதாம். எங்கே எடுத்தாய் என்றேன். "வாட்ஸ்அப்ல வந்துச்சு. தேடியும் பார்த்தேன், நிறைய இடத்துல இருக்கு."

நிறைய இடத்தில் இருக்கும்தான். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது அத்தனையும். வேரைத் தேடிப் போனால் 1985இல் 'ஏஐ மேகசின்' இதழில் ரிக் பிரிக்ஸ் என்பவர் எழுதிய ஒரு கட்டுரையில் போய் நிற்கும். அவர் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தோடு தொடர்புள்ள ஒரு கழகத்தில் இருந்தவர். வாக்கியத்தின் பொருளைப் பிரித்துக் காட்ட நம் பழைய இலக்கண அறிஞர்கள் கையாண்ட முறை, செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் பயன்படுத்திய முறையோடு ஒத்துப்போகிறது என்று காட்டினார். நாசாவின் அறிவிப்பு எதுவும் அதில் இல்லை. உண்மையில் அவர் சொன்னதே எவ்வளவு பெரிய விஷயம்! அதை விட்டுவிட்டு நாம் வால் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

தம்பி விடவில்லை. "தப்பாவே இருக்கட்டும் அண்ணே. கேக்குற நம்ம பிள்ளைங்களுக்குப் பெருமை வரும்ல? நல்லதுக்குன்னா பொய்யும் சொல்லலாம்னு வள்ளுவரே சொல்லியிருக்காரே."

சரியான இடத்தில்தான் பிடித்தான். வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளைச் சொல்கிறான். ஆனால் அங்கே வள்ளுவர் ஒரு நிபந்தனை வைக்கிறார்: அந்த நன்மையில் குற்றம் கலந்திருக்கக் கூடாது. வகுப்பில் மலாய், சீன நண்பர்களும் இருப்பார்கள். ஒருவன் கைப்பேசியைத் திறந்து ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிட்டால், மீதி ஆறு நிமிடம் நீ பேசிய உண்மையும் சேர்ந்தே போகும். யாரும் சரிபார்க்கவில்லை என்றால் இன்னும் மோசம். உன்னை நம்பி அதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

நியாய சாத்திரம் சொல்லையும் ஒரு பிரமாணமாக ஏற்கிறது. ஆனால் அதைச் சொல்பவர் ஆப்தராக, நம்பத்தக்கவராக இருக்க வேண்டும். விஷயத்தை நேராக அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புபவர்தான் ஆப்தர் என்கிறார் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர். இந்த இலக்கணம் ரிஷிக்கும் மிலேச்சருக்கும் ஒன்றுதான் என்றும் சேர்த்தே சொல்கிறார். அந்தக் காலத்திலேயே! 'நம்ம ஆளு சொன்னா சரி' என்பதற்கு அங்கே இடமே இல்லை.

டீயை முடித்துக்கொண்டு குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் பக்கம் நடந்தோம். இதையே எடுத்துப் பேசேன் என்றேன். உடனே தேடினான். சில இடத்தில் 1801, சில இடத்தில் 1833. "1801ஐப் போட்டுடறேன் அண்ணே, பழசுதானே கெத்து!" இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. 1801 நிலம் கிடைத்து சிறு வழிபாட்டிடம் இருந்த காலம் என்றும், 1833 அது கோயிலாக எழுந்த ஆண்டு என்றும் சொல்வார்கள். இரண்டையும் சொல், எது எதற்கு என்று சொல், யார் எழுதியது என்றும் சொல். மலாயா இந்தியர் வரலாற்றுக்குக் கெர்னியல் சிங் சாந்துவின் 1969ஆம் ஆண்டு நூல் இருக்கிறது. பினாங்குச் சூலியாக்களைப் பற்றிக் கூ சல்மா நசுத்தியோன் 2014இல் எழுதியது இருக்கிறது. இருவரும் தமிழ் இந்துக்கள் அல்லர். வாத்ஸ்யாயனருக்கு அதில் ஒன்றும் ஆட்சேபம் இருக்காது.

அவன் பேச்சை மாற்றி எழுதிவிட்டான். எனக்குத்தான் ஒன்று பாக்கி. அந்த நாசா கதையைப் பல வருஷத்துக்கு முன் ஒரு முகாமில் நானே மேடையேறிச் சொல்லி, பலத்த கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இன்றுவரை திருத்திச் சொல்லவில்லை. தம்பி அப்போது ஆரம்பப் பள்ளிப் பையன். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான்.